சோனார் ஒலியும் ஆழ்கடல் திமிங்கிலங்களும்: திருகோணமலையில் எவரும் கேட்காத கேள்வி

2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொழும்பில் இருந்தபோது, இலங்கையும் இந்தியாவும் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றில் கைச்சாத்திட்டன. திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் முத்தரப்பு உடன்படிக்கையும் அதே நாளில் கைச்சாத்தானது. பாதுகாப்பு உடன்படிக்கையின் முழு வாசகம் அன்று மக்கள் முன் வைக்கப்படவில்லை. அதற்கு முன்னர் 2022 ஓகஸ்டில் அம்பாந்தோட்டைக்கு யுவான் வாங் 5 வந்தது. 2023 ஒக்டோபரில் கொழும்புக்கு ஷி யான் 6 வந்தது. 2024 முழுவதும் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்குத் தடை இருந்தது. ஒவ்வொரு முறையும் தமிழ் ஊடகங்கள் எழுதியது ஒன்றைத்தான்: இது யாருடைய கப்பல், யாரை உளவு பார்க்க வந்தது, இதனால் தமிழர் அரசியலுக்கு என்ன இலாப நட்டம்.

கப்பல் கடலுக்குள் என்ன ஒலியை விடுகிறது என்று யாரும் கேட்டதில்லை. போர்க்கப்பல் நீர்மூழ்கியைத் தேடுவதும், ஆய்வுக் கப்பல் கடலடியை வரைவதும், எண்ணெய்க் கம்பனி எரிவாயுவைத் தேடுவதும் ஒலியால்தான். திருகோணமலைத் துறைமுகத்தின் வாசலிலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. நீலத் திமிங்கிலமும், அம்பர் தரும் எண்ணெய்த் திமிங்கிலமும் கரைக்கு இவ்வளவு கிட்டே வரும் இடங்கள் உலகில் அதிகம் இல்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியில் இருந்து வீதியோரத்தில் இருக்கிற மண்ணில் திமிங்கிலத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் இந்த ஆய்வுகளை வாசிக்கத் தொடங்கியது திமிங்கிலத்துக்காக அல்ல. உலகின் மிகப் பலமான கடற்படை ஒன்று, தன் செயலால் விளைந்த தீங்கை எழுத்தில் ஒப்புக்கொண்டது எப்படி என்று அறியத்தான் வாசித்தேன். சாட்சியம் எப்படிச் சேர்க்கப்பட்டது, யார் சேர்த்தார்கள், அது எங்கே போதாமல் போனது என்பதெல்லாம் நமக்கு அந்நியமான விடயங்கள் அல்ல.

2000 மார்ச் 15ஆம் திகதி பஹாமாஸ் தீவுகளின் கரைகளில் திமிங்கிலங்கள் ஒதுங்கத் தொடங்கின. ஒன்றரை நாளுக்குள் 17 விலங்குகள் ஒதுங்கின. பெரும்பாலானவை அலகுத் திமிங்கிலங்கள். கொக்கின் அலகு போல முன்துருத்திய வாயும் சிறிய முதுகுத் துடுப்பும் கொண்ட, வாழ்நாளின் பெரும்பகுதியை ஆழத்திலேயே கழிக்கிற இனம் அது. கடலோடிகள்கூட அரிதாகவே காண்பார்கள். வெவ்வேறு தீவுகளில், ஏறத்தாழ ஒரே வேளையில் அவை ஒதுங்கியதுதான் வழமைக்கு மாறானது.

அந்தக் கரையில் கென் பால்கம் என்ற ஆய்வாளர் குடியிருந்தார். அவர் முன்னர் அமெரிக்கக் கடற்படையில் நீரடி ஒலிகளைக் கேட்கும் பிரிவில் பணியாற்றியவர். உயிருடன் இருந்தவற்றை அயலவர்களுடன் சேர்ந்து கடலுக்குள் திருப்பித் தள்ளினார். இறந்தவற்றின் தலைகளை வெட்டி உறைகுளிரில் வைத்தார். கடலில் நின்ற போர்க்கப்பலையும் படமெடுத்து வைத்தார். இந்த இரண்டு காரியங்களையும் அவர் செய்யாமல் விட்டிருந்தால் இந்த விவகாரம் அந்த வாரத்துடன் முடிந்திருக்கும். வெப்பவலயக் கடற்கரையில் ஒரு சடலம் சாட்சியமாக நிற்பது சில மணித்தியாலங்கள்தான்.

அந்தத் தலைகள் ஊடுகதிர்ப் படப் பரிசோதனைக்கு உட்பட்டன. காதுகளைச் சுற்றி இரத்தக் கசிவு இருந்தது. 21 மாதங்களின் பின், 2001 டிசெம்பரில், அமெரிக்கக் கடற்படையும் அந்நாட்டுக் கடல் மீன்வள நிறுவனமும் கூட்டாக ஓர் இடைக்கால அறிக்கையை வெளியிட்டன. அந்த வேளையில் அக்கால்வாய்களைக் கடந்த கடற்படைக் கப்பல்களின் நடு அதிர்வெண் சோனாரே இதற்கு மிகவும் பொருந்தும் காரணம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது.

இது முதல் சம்பவம் அல்ல. 1996 மேயில் கிரேக்கத்தின் கிபாரிசியா வளைகுடாவில், நேட்டோ ஆய்வுக் கப்பலொன்று சோனார் பரிசோதனை நடத்திய நாட்களில், கூவியர் அலகுத் திமிங்கிலங்கள் ஒரு டசினுக்கு மேல் ஒதுங்கியிருந்தன. 1998இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அது வெளிவந்தபோது தற்செயல் என்று சொல்ல இன்னமும் இடமிருந்தது. 2002 செப்டெம்பரில் ஸ்பெயினின் கனேரித் தீவுகளில் பன்னாட்டுக் கடற்படைப் பயிற்சி தொடங்கிச் சுமார் நான்கு மணித்தியாலத்தில் 14 அலகுத் திமிங்கிலங்கள் ஒதுங்கத் தொடங்கியபோது அந்த இடமும் போய்விட்டது. அங்கே பல்கலைக்கழக மிருக வைத்தியர்கள் கையெட்டும் தூரத்தில் இருந்தார்கள். சடலங்கள் அழுகுமுன் அறுத்துப் பார்த்தார்கள். இரத்தக் குழாய்களிலும் உறுப்புகளிலும் வாயுக் குமிழிகளும் கொழுப்புத் துளிகளும் அடைத்திருந்தன.

வாயுக் குமிழி என்றால் என்னவென்று சிலிண்டர் போட்டுச் சங்கும் கடலட்டையும் எடுக்கிற குடும்பங்களுக்குத் தெரியும். ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்திருக்கும் நைதரசன் குமிழியாகிறது. கை கால் மடங்காது, இடுப்புக்குக் கீழே இயங்காமல் போகும், சிலர் படகிலேயே இறந்துபோவார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஆழத்தில் வாழப் பழகிய விலங்குக்கு இந்த நோய் வரவே வராது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். அப்படியானால் அதன் சுழியோடும் ஒழுங்கை ஏதோ ஒன்று குலைத்திருக்க வேண்டும். அது என்னவென்று சடலம் சொல்லாது. உயிருள்ள விலங்கிடம்தான் கேட்க வேண்டும்.

இங்கேதான் வெளிக்கள ஆய்வு தொடங்குகிறது. அதன் சிரமத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முடிவுகளின் எல்லை அதில்தான் இருக்கிறது.

கூவியர் அலகுத் திமிங்கிலத்தின் ஒரு வழமையான இரைதேடும் சுழியோட்டம் சுமார் ஒரு மணித்தியாலம் நீடிக்கும், சுமார் 1,400 மீற்றர் ஆழம் போகும். கலிபோர்னியாவுக்கு அப்பால் ஒன்று 2,992 மீற்றர் வரை போனதாகப் பதிவு இருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஹட்டராஸ் முனைக்கு அப்பால் வேறொன்று 3 மணி 42 நிமிடம் மூச்சுவிடாமல் கீழே இருந்தது. மேலே வந்தால் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களுக்குள் ஆய்வாளர்கள் சிறு படகில் கிட்டே போய், நீண்ட கழியின் நுனியில் இருக்கும் கருவியை அதன் முதுகில் அமர்த்த வேண்டும். கருவி உறிஞ்சு கிண்ணங்களால் ஒட்டிக்கொள்ளும். வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் மார்க் ஜோன்சனும் பீற்றர் ரையக்கும் உருவாக்கிய இந்தக் கருவி ஆழம், உடலின் சாய்வு, வாலின் ஒவ்வோர் அடிப்பு, விலங்கு எழுப்பும் ஒலி, அதன் காதுக்கு வந்துசேரும் ஒலி எல்லாவற்றையும் பதியும். சில மணித்தியாலங்களில் கழன்று மிதக்கும். தேடி எடுத்தால்தான் தரவு. கடல் கொஞ்சம் கலங்கியிருந்தாலும் வேலை நடக்காது. பல வாரம் கடலில் கழித்து ஒன்றிரண்டு விலங்குகளில் மட்டும் கருவி பொருத்திய பருவங்கள் உண்டு.

கருவி ஒட்டியபின், விலங்கு ஆழத்தில் இரை தேடிக் கொண்டிருக்கையில், தூரத்துப் படகில் இருந்து சோனார் போன்ற ஒலியைச் சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். அது என்ன செய்கிறது என்று பதிவாகும்.

2007, 2008ஆம் ஆண்டுகளில் பஹாமாஸில் அமெரிக்கக் கடற்படையின் பரிசோதனைக் கடற்பரப்பில் இப்படிச் செய்தார்கள். சோனார் ஒலியைக் கேட்டதும் திமிங்கிலம் இரைதேடும் 'கிளிக்' ஒலியை நிறுத்தியது. வழமையைவிட மெதுவாக, நீண்ட பாதையில் மேலேறி விலகிப் போனது. அதன் எதிரியான ஓர்க்காவின் குரலை ஒலிபரப்பியபோது எதிர்வினை இன்னும் கடுமையாக இருந்தது. அதே கடற்பரப்பின் அடியில் பதித்திருந்த ஒலிவாங்கிகள் உண்மையான பயிற்சி நாட்களிலும் கேட்டுக் கொண்டிருந்தன. பயிற்சி தொடங்கியதும் திமிங்கிலங்களின் 'கிளிக்' அந்தப் பரப்பின் நடுவே ஓய்ந்தது. அவை திரும்பி வர இரண்டு மூன்று நாட்கள் பிடித்தன.

2013இல் தெற்குக் கலிபோர்னியாவில் இருந்து வந்த முடிவுதான் என்னை நிறுத்தி வாசிக்க வைத்தது. இரண்டு கூவியர் திமிங்கிலங்கள் மட்டுமே. அவற்றின் காதுக்கு வந்துசேர்ந்த ஒலி 89 முதல் 127 டெசிபல். நீரடி டெசிபலை நாம் அறிந்த காற்று டெசிபலுடன் அப்படியே ஒப்பிட முடியாது. ஒலிச்செறிவை வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 62ஐக் கழிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இது குசுகுசுப்புக்கும் பக்கத்தில் இருப்பவர் பேசும் பேச்சுக்கும் இடைப்பட்டது. காதைச் செவிடாக்க இது எந்த வகையிலும் போதாது. ஆனாலும் அவை இரைதேடலை நிறுத்தின, வாலை வேகமாக அடித்து ஓடின, வழமையைவிட நீண்டநேரம் சுழியோடின.

அதாவது தீங்கு ஒலியின் பருமனில் இருந்து நேரடியாக வருவதாகத் தெரியவில்லை. விலங்கு அந்த ஒலியை என்னவென்று எடுத்துக் கொள்கிறது, எடுத்துக்கொண்டு என்ன செய்கிறது என்பதில் இருந்து வருகிறது. ஓர்க்காவுக்குப் பயந்து மேற்பரப்புக்குக் கிட்டே மௌனமாகவே வந்து போகும் விலங்கு இது. அது ஓடுகிறது, ஓடுவதற்காக ஆழத்தின் கணக்கைக் குழப்புகிறது, குமிழி உண்டாகிறது என்பது இன்று பல ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். கிபிர் தூரத்தில் இரையும்போதே பங்கருக்குள் பாய்ந்தவர்களுக்கு இதில் விளங்காதது எதுவும் இல்லை. 2009க்குப் பிறகும் கலியாண வீட்டு வெடிச்சத்தத்துக்கு எழுந்து நிற்கிற ஆட்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அந்த வெடியின் டெசிபலை அளந்து இது பாதிப்பற்றது என்று யாராவது சான்றிதழ் தந்தால் நாம் சிரிப்போம். நீண்ட காலமாகக் கடல் ஒலி விதிகள் கிட்டத்தட்ட அந்தச் சான்றிதழைத்தான் தந்து கொண்டிருந்தன: காது பழுதாகும் அளவு இவ்வளவு, அதற்குக் கீழே பரவாயில்லை.

ஆனால் இதையும் ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. அதே கலிபோர்னிய ஆய்வில், ஒரு திமிங்கிலத்துக்கு 118 கிலோமீற்றருக்கு அப்பால் நடந்த உண்மையான பயிற்சியின் ஒலியும் கேட்டது. அதன் அளவு ஏறத்தாழ ஒத்ததுதான். அதற்கு அது அப்படி ஓடவில்லை. தூரம் அதற்குத் தெரிகிறது போலும். 2017இல் வெளியான இன்னொரு ஆய்வு, பெரிய போர்க்கப்பலின் பலமான சோனாரைவிட, ஹெலிகொப்டரில் இருந்து கடலில் இறக்கப்படும் பலம் குறைந்த சோனாருக்குத் திமிங்கிலங்கள் அதைவிடக் கிட்டத்தில் அதே கடுமையுடன் எதிர்வினை காட்டியதாகச் சொன்னது. கப்பல் வருவது முன்கூட்டியே கேட்கும். ஹெலிகொப்டர் திடீரென்று ஓரிடத்தில் இறக்கும், தூக்கும், வேறிடத்தில் இறக்கும். மறுபுறம், நோர்வேயின் ஜான் மாயன் தீவை அண்டிய, கப்பல்கள் அரிதான அமைதியான கடலில் வடக்குப் போத்தல்மூக்குத் திமிங்கிலங்கள் 28 கிலோமீற்றர் தொலைவில் இருந்த ஒலிக்கே விலகி ஓடின. அங்கே தூரம் அவற்றைச் சமாதானப்படுத்தவில்லை. பழகிய கடலில் வாழும் விலங்கும் பழகாத கடலில் வாழும் விலங்கும் ஒன்றல்ல. கலிபோர்னியாவில் பெற்ற ஓர் எண்ணைக் கொண்டுவந்து வேறு கடலுக்கு விதி எழுத முடியாது என்பதே இதன் பொருள்.

இந்த ஆய்வுகளுக்குப் பணம் தருவது பெரும்பாலும் கடற்படைகளே. கலிபோர்னிய, அத்திலாந்திக் ஆய்வுகளுக்கு அமெரிக்கக் கடற்படை. நோர்வே ஆய்வுக்கு அதனுடன் நோர்வே, நெதர்லாந்துப் படைத்துறைகளும். குற்றம் சாட்டப்பட்டவரே விசாரணைச் செலவைத் தருவதைப் பார்த்து நமக்கு உடனே சந்தேகம் வரும், வரவும் வேண்டும். ஆனாலும் முடிவுகள் கடற்படைக்குச் சாதகமாக வந்திருக்கவில்லை. அவை திறந்த சஞ்சிகைகளில் வெளிவந்தன, மற்றவர்களால் சரிபார்க்கப்பட்டன. பணத்தை யார் தருகிறார் என்பதைவிடத் தரவு யார் கையில் இருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. சோனார் எப்போது, எங்கே இயங்கியது என்ற பதிவேடு இன்னமும் கடற்படைகளிடம்தான். அதைத் திறக்க அமெரிக்காவில் வழக்குகள் தேவைப்பட்டன. 2008இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தேசிய பாதுகாப்பின் பக்கம் நின்றது. 2015இல் ஏற்பட்ட இணக்கப்பாட்டின்படிதான் ஹவாயிலும் தெற்குக் கலிபோர்னியாவிலும் சில வாழிடங்களில் சோனார் கட்டுப்படுத்தப்பட்டது. ஸ்பெயின் அவ்வளவு காத்திருக்கவில்லை. 2004இல் கனேரித் தீவுகளைச் சுற்றிச் சோனாருக்குத் தடை விதித்தது. அதன்பின் அங்கே அலகுத் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கியதாகப் பதிவில்லை என்று 2013இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நூறு ஆய்வுக் கட்டுரையைவிட அந்த ஒரு தடை அதிகம் நிரூபித்தது என்பேன்.

இதுவரை சொன்னவை எல்லாம் கரைக்கு வந்தவற்றைப் பற்றியவை. கரைக்கு வராதவை எத்தனை? மெக்சிக்கோ வளைகுடா பற்றிய 2011ஆம் ஆண்டு ஆய்வொன்று, அங்கே இறக்கும் திமிங்கில, டொல்பின் இனங்களில் சராசரியாக நூற்றுக்கு இரண்டின் சடலமே கண்டெடுக்கப்படுவதாகக் கணித்தது. மற்றவை தாழ்ந்துவிடும். கரையில் எண்ணியதை மொத்தத் தொகையாக அறிவிக்கும் எந்த அறிக்கையையும் எப்படி வாசிக்க வேண்டும் என்று இந்த வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனி எங்கள் கடலுக்கு வருவோம். சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு 1979இல் இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. அதைத் தொடர்ந்து 'ரியூலிப்' என்ற பாய்க்கப்பல் ஆய்வுக்காக இலங்கைக்கு வந்தது. 1983இல் திருகோணமலைக்கு அப்பால் நீலத் திமிங்கிலங்கள் இருப்பதை அது பதிந்தது. அந்த ஆண்டு ஜூலையில் என்ன தொடங்கியது என்பது தெரியும். அதன்பின் அந்தக் கடலில் இரவில் வலை போடவே அனுமதி இல்லாத காலங்கள் வந்தன, ஆய்வுக்கு யார் வருவார்? போர் முடிந்தபின் தெற்கே மிரிசையில் திமிங்கிலம் பார்க்கும் தொழில் வளர்ந்தது. ஆய்வாளர் ஆஷா டி வொஸ் போன்றவர்கள் அங்கே கப்பல் மோதல் பற்றி எழுதி உலகத்தின் கவனத்தைத் திருப்பினார்கள். 2022இல் எம்எஸ்சி கம்பனி தன் கப்பல்களின் பாதையைத் தானாகவே தெற்கே நகர்த்தியது. கிழக்குக் கடலுக்கு அப்படியொரு கவனம் கிடைக்கவில்லை.

அலகுத் திமிங்கிலம் நமக்குத் தூரத்து விலங்கும் அல்ல. 1963 ஜனவரியில் இரத்மலானைக் கரையில் ஒதுங்கிய ஒன்றை வைத்து, தேசிய நூதனசாலைப் பணிப்பாளராக இருந்த தெரணியகல ஒரு புதிய இனத்தை விவரித்தார். 'ஹொட்டவுல' என்று பெயரிட்டார், சிங்களத்தில் கூரிய அலகு என்ற பொருளில். மற்றவர்கள் அதை ஏற்கவில்லை. 2014இல்தான் மரபணுச் சோதனை அவர் சொன்னது சரி என்று காட்டியது. ஐம்பது ஆண்டுகளின் பின் அதைச் சோதிக்க முடிந்ததற்குக் காரணம் அவர் எலும்பைப் பத்திரப்படுத்தி வைத்ததுதான்.

2020 ஒக்டோபர் 19 முதல் 21 வரை இந்திய இலங்கைக் கடற்படைகளின் 'ஸ்லினெக்ஸ்' பயிற்சி திருகோணமலைக்கு அப்பால் நடந்தது. இந்தியா அனுப்பிய கமோர்ட்டா, கில்டான் இரண்டும் நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல்கள். இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 2ஆம் திகதி, தீவின் மறுபக்கம் பாணந்துறையில் நூற்றுக்கு மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு தலைப்புச் செய்தி எழுதுவது எளிது. அது பிழையாக இருக்கும். இடம் வேறு, காலம் வேறு, பைலட் திமிங்கிலம் சோனார் இல்லாத காலத்திலும் கூட்டமாக ஒதுங்கும் இனம். மன்னார் வளைகுடாவின் மறுகரையில், திருச்செந்தூர் மணப்பாடு பக்கம் 1973இலும் 2016இலும் அப்படி ஒதுங்கின. பாணந்துறையில் அன்றிரவு முழுவதும் ஊரவர்களுடன் நின்று அவற்றைக் கடலுக்குள் தள்ளியவர்கள் இலங்கைக் கடற்படையினர் என்பதையும் சொல்ல வேண்டும்.

போர்க்கப்பலை மட்டும் பார்த்துக் கொண்டிருக்கவும் கூடாது. 2008இல் மடகாஸ்கரின் களப்பொன்றுக்குள் சுமார் நூறு முலாம்பழத்தலைத் திமிங்கிலங்கள் புகுந்து பெரும்பாலானவை இறந்தன. எண்ணெய்க் கம்பனி ஒன்றுக்காகக் கடலடியை அளந்த கப்பலின் எதிரொலிமானியே அதற்கு மிகவும் பொருந்தும் தூண்டுகோல் என்று சுயாதீன நிபுணர் குழு 2013இல் முடிவு செய்தது. மன்னார்ப் படுகையில் 2011இல் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த கட்டத் தேடல் எப்போது தொடங்கினாலும் அதுவும் ஒலியோடுதான் தொடங்கும்.

நான் கேட்பது இரண்டு பட்டியல்கள். வடக்குக் கிழக்குக் கடலில் சோனாரும் நில அதிர்வு அளவையும் எந்தத் திகதியில், எந்தப் பரப்பில் இயங்கின என்பது ஒன்று. எந்தக் கரையில், எந்தத் திகதியில் எந்த இனம் ஒதுங்கியது என்பது மற்றையது. முதலாவதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தேசிய பாதுகாப்பு விதிவிலக்கைக் காட்டி மறுக்கவும் கூடும். ஆனால் பயிற்சி முடிந்து மாதங்கள் கழிந்தபின் திகதியையும் பரப்பையும் மறைப்பதற்கு என்ன பாதுகாப்புக் காரணம் என்று ஆணைக்குழுவின் முன் வாதாட இடமுண்டு. எண்ணெய்க் கம்பனிகளின் அளவைக்கு அந்த விதிவிலக்கும் பொருந்தாது.

இரண்டாவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. வாகரையில் இருந்து முல்லைத்தீவு வரை ஒவ்வொரு கடற்றொழிலாளர் சங்கத்திலும் கைத்தொலைபேசி இருக்கிறது. திகதி, இடம், பக்கவாட்டில் ஒரு முழுப் படம், தலையின் கிட்டப் படம், உயிருடன் வந்ததா செத்து மிதந்து வந்ததா என்ற ஒரு வரி போதும். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பது சட்டப்படி வேண்டியது. மிருக வைத்தியர் வரும்வரை பெக்கோ கொண்டு சடலத்தைப் புதைத்துவிடாமல் மறிப்பதுதான் கடினம். நாற்றம் பொறுக்காது, பிரதேச சபைக்கு அவசரம். ஆனால் குமிழிகளைக் காணக்கூடிய நேரம் அந்த முதல் நாள்தான். அழுகத் தொடங்கினால் அழுகலால் வந்த வாயு எது, ஆழத்தில் இருந்து வந்த வாயு எது என்று பிரித்தறிய முடியாமல் போகும்.